கண் படம் போட்ட பொத்தான்

எட்டாவது பொத்தான் வேலை செய்யவில்லை. லேப்டாப்பின் மேல் வரிசையில் எட்டு என்று எண் போட்டு, அதன் கீழே சின்னதாக ஒரு கண் படம் வரைந்த பொத்தான். பதினோரு நாளாக அதை அழுத்துகிறார் தணிகாசலம். அழுந்துகிறது. மேலே வருகிறது. அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், அதை ஒட்டிப் போன், போனில் கம்பெனிக்காரன் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போடுகிற புல்லாங்குழல். பத்து வினாடி ஊதுகிறான், நிறுத்துகிறான், மறுபடி அதையே ஊதுகிறான். நடுவில் ஒரு பெண் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்கிறாள். முக்கியமென்றால் எடுக்க வேண்டியதுதானே. மணி இரண்டு பத்து. சித்திரை வெயில் விருத்தாசலத்தை வறுத்துக்கொண்டிருக்கிறது. மேலே மின்விசிறி இருக்கிற சூட்டையே கிளறிக் கிளறி இறக்குகிறது. முழங்கை மேஜையின் ரெக்சின் விரிப்பில் ஒட்டிக்கொள்கிறது, எடுத்தால் சப்பென்கிறது. தட்டில் காய்ந்த பருக்கை. கை கழுவியும் விரலில் மோர்க்குழம்பு வாசனை. அந்த விரலால்தான் அழுத்துகிறார். இதோ இன்னொரு தடவை. அழுந்துகிறது. மேலே வருகிறது. ஏழு தடவை இதே நம்பருக்குப் போன் செய்தாயிற்று, ஏழு பேர் பேசியாயிற்று, ஏழு பேரும் உங்கள் புகார் பதிவாகிவிட்டது சார் என்றார்கள். பதிந்து என்ன செய்வது. முப்பத்தெட்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக உட்கார்ந்து அவர் பதியாததையா இவர்கள் பதிகிறார்கள். பதிந்தால் வண்டி வந்து சேர வேண்டும்.

தப்பு யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. அதைத்தான் நினைக்கக் கூடாது என்று பார்க்கிறார், பொத்தானைப் பற்றி மட்டும் நினைக்கலாம் என்று பார்க்கிறார், முடியவில்லை. பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, மாற்றிவிடுங்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்காரன் புதுசு ஒன்று இருக்கிறது, இலவசம், லேசாக ஓடும் என்று பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். அவருக்கும் அந்த லேப்டாப்பின் மேல் வாங்கிய நாளிலிருந்து எரிச்சல். பெட்டியைப் பிரித்தபோதே உள்ளே பத்திருபது சாமான் குடியிருந்தது. யார் கேட்டது. வைரஸ் பார்க்கிறேன் என்று ஒன்று, பாட்டரியைக் கவனிக்கிறேன் என்று ஒன்று, வெளியே மழை பெய்கிறதா என்று சொல்கிறேன் என்று ஒன்று. ஜன்னலைத் திறந்தால் தெரியாதா மழை. ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் மூலையிலிருந்து எட்டிப் பார்த்து ஆமாவா இல்லையா என்று கேட்கும். வாடகை கொடுக்காத குடித்தனங்கள். ஒருநாள் எல்லாவற்றையும் காலி பண்ண வேண்டும் என்று கறுவிக்கொண்டே இருந்தார். அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் இந்தக் கண் படம் என்பது அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். புத்தகத்தை மட்டும் ஞாபகமாகப் பென் டிரைவில் எடுத்து வைத்தார். பெண்டாட்டி படித்துக்கொண்டிருந்த புத்தகம், ஆயிரத்து நூறு பக்கம், பத்திரமாக இருக்கிறது. அவளைப் படிக்க வைத்த சாமானைத்தான் அழித்தார். கண்ணாடியை உடைத்துவிட்டு உறையைப் பீரோவில் பூட்டி வைத்த கதை. கேட்கத்தான் செய்தது அந்தப் புதுச் சிஸ்டம். கேட்காமல் செய்யவில்லை. பழையதை இருக்கவிட்டுப் பக்கத்தில் உட்காரட்டுமா, பழையதை முழுவதும் அழித்துவிட்டு உட்காரட்டுமா. இரண்டே வரி. முதல் வரியிலேயே அம்பு நின்றது. எண்டரைத் தட்டியிருந்தால் போதும். அவர் விரல்தான் அம்பை நகர்த்தி இரண்டாவது வரியில் கொண்டுபோய் நிறுத்தியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள்கூடக் கேட்டாள், "இருக்கறது ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே, என்ன இப்ப?" என்று. "ஒரு லைன்ல ரெண்டு வண்டி நிக்காது" என்றார். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு லைனில் இரண்டு வண்டி நிற்காது.

நிற்காதுதான். எண்பத்தேழில், ஒரு சின்ன ஸ்டேஷன், பேர் எதற்கு, பட்டப்பகலில், ஒன்றாம் நம்பர் லைனில் பாசஞ்சர் நின்றுகொண்டிருக்கும்போதே கூட்ஸுக்கு அதே லைனைக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் தூக்கமில்லாத டியூட்டி. தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் அந்தோணிசாமி தண்டவாளத்து ஓரமாகச் சிவப்புக் கொடியும் கையுமாக ஓடிக்கொண்டே "ஐயா, ஐயா" என்று கத்திய கத்தல். கூட்ஸ் ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர் சிக்னலிலேயே நின்றுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. பாசஞ்சரில் ஒரு ஜன்னலில் ஒரு பெண்பிள்ளை வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தாள், கடித்துக்கொண்டேதான் இருந்தாள். அந்தோணிசாமி யாரிடமும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்கூட. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க என்று கேட்டவளிடம் தலைவலி என்றார். அன்றையிலிருந்து ஒரே விதிதான். காலி பண்ணு, அப்புறம் அடுத்ததை வாங்கு. பீரோவில் புதுச் சட்டை வைத்தால் பழைய சட்டை வெளியே போகும். ஊறுகாய் ஜாடி காலியாகாமல் புது ஊறுகாய் போடக்கூடாது, போட்டால் சண்டை. அந்த விதி அவர் மூளையில் இல்லை, விரலில் இருக்கிறது. விரல்தான் போய் முழுவதும் அழி என்பதைத் தட்டியது. ஆனால் லேப்டாப் தண்டவாளமா. அது தெரியவேண்டாமா ஒரு மனுஷனுக்கு. எழுபத்திரண்டு வயசுக்கு. புல்லாங்குழல் நின்றது. யாரோ எடுக்கப் போகிறார்கள் என்று நிமிர்ந்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. மறுபடி புல்லாங்குழல்.

"இன்னுமா எடுக்கல?" என்றாள் அவள், கூடத்திலிருந்து. "ம்" என்றார். "தட்டையாவது எடுத்துப் போடுங்க, ஈ மொய்க்குது." ஈ மொய்ப்பது அவள் கண்ணுக்குத் தெரியாது. சத்தம்தான் கேட்டிருக்கும். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டிய காது. கூடத்து ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கை இரண்டும் மடியில். அதுதான் தாங்கவில்லை. திட்டினால் திருப்பிக் கத்தலாம். நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் சண்டை போடுவார், மனசு ஆறிப்போகும். சொல்லமாட்டேன் என்கிறாளே. பதினோரு நாளாக அந்த ஒரு வார்த்தைக்கு வாயைத் திறக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வாசல் பக்கம் பார்க்கிறாள். நேராகப் பார்த்தால் தெரியாது. ஓரத்தில்தான் தெரியும். நடுவில் ஒரு கறுப்பு வட்டம். பங்குனியில் பாண்டிச்சேரிக்குப் போனபோது கண் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார், கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள், பிள்ளைகளின் கணக்கு நோட்டு மாதிரி. நடுவில் ஒரு புள்ளி. புள்ளியைப் பாருங்கம்மா, கோடெல்லாம் எப்படித் தெரியுது என்றார். "புள்ளி எங்க இருக்கு?" என்றாள் அவள். கோடு வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள போன மாதிரி இருக்கு டாக்டர் என்று சிரித்தாள் வேறு. தணிகாசலம் அந்தத் தாளை வாங்கித் தானும் பார்த்தார். நேரான கோடு. நேர் நேரான கோடு. புள்ளி இருந்த இடத்தில் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் போல வந்தது, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவள் ஊசி போட உள்ளே போயிருந்தபோது டாக்டர் சொன்னார், "இருக்கிற வரைக்கும் நல்லா பயன்படுத்திக்கச் சொல்லுங்க சார்." இருக்கிற வரைக்கும் என்றால். ஆறு மாதம் இருக்கலாம், எட்டு மாதம் இருக்கலாம், சொல்ல முடியாது. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னார். சொல்ல முடியாது என்றால் எதற்குச் சொல்கிறாய். அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் கண்ணு கொஞ்சம் மங்கல் என்றார். மகன் குமரவேலிடமும் மங்கல் என்றுதான் சொன்னார். மங்கல். மத்தியானத்தை மங்கல் என்றால் ராத்திரியை என்னவென்று சொல்வது. வேண்டாம். பொத்தானைப் பார். எட்டாவது பொத்தான்.

அந்தப் பொத்தான் இருக்கிறதென்று கண்டுபிடித்ததும் அவர் இல்லை, அவள்தான். போன ஐப்பசியில் துணியால் துடைக்கும்போது கை பட்டு அழுந்திவிட்டது. திரை முழுக்கக் கறுப்பாகி, மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ஒரே ஒரு வரிசையாக வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போக ஆரம்பித்தது. மெதுவாக. ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற பெட்டிகள் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள். முகத்தை இடது பக்கம் திருப்பினாள். வாய் அசைந்தது. "என்னங்க, இது எனக்கு வருதுங்க" என்றாள். வருது என்றால் என்ன என்று கேட்டார். படிக்க வருது என்றாள். பக்கம் அங்கேயே நின்றால் அவள் கண் ஓடவேண்டும், ஓடினால் கறுப்பு வட்டமும் கூடவே ஓடி எழுத்தை விழுங்கிவிடும். இதில் கண் ஓரிடத்தில் நிற்கும், எழுத்து ஓரத்து வெளிச்சத்துக்குள் வந்து வந்து போகும். அம்பு விசையால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு வாரத்தில் அவள் வேகத்தைக் கூட்டிவிட்டாள். குமரவேல் அனுப்பிய அந்தப் பெரிய நாவலைப் பிடித்தாள். பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தக் கதைதான். மீன்பிடிக்கப் போனவன் ஒருத்தன் இருநூறு பக்கமாகத் திரும்பி வரவில்லை. கரையில் அவன் அம்மாவும் பெண்டாட்டியும் ஒருத்திக்கொருத்தி பேச்சு இல்லை, ஒரே குடிசையில் இரண்டு அடுப்பு. ரசம் ஊற்றும்போது ஒருநாள் பெண்டாட்டியைத் திட்டினாள், மறுநாள் அம்மாக்காரியைத் திட்டினாள். தணிகாசலம் ம் என்பார். கதை கேட்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஆனால் மத்தியானம் இலையில் உட்காரும்போது நேற்று அவன் வந்தானா இல்லையா என்று மனசு கேட்கும். வாய் கேட்காது. அவளே சொல்வாள். இப்போது பதினோரு நாளாகத் தட்டில் கரண்டி படுகிற சத்தம் மட்டும்தான். மோர் வேணுமா. போதும். அவன் வந்தானா என்று இவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

செய்யாதது ஒன்றும் இல்லை. போனில் எழுத்தைப் பெரிசாக்கிக் காட்டினார், நாலு எழுத்துக்குமேல் திரை கொள்ளவில்லை. புதுச் சிஸ்டத்திலேயே பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டார், அது மவுஸ் போகிற இடமெல்லாம் துள்ளித் துள்ளி ஓடுகிறது, "எனக்குக் கப்பல்ல போறாப்ல வயித்தைப் பெரட்டுது, எடுத்துடுங்க" என்றாள். சரி, நானே படிக்கிறேன் என்று மூன்றாம் நாள் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். மூன்று பக்கம். கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க படிச்சா கடல், கரை, அம்மா, பொண்டாட்டி எல்லாம் ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு வந்துகொண்டிருக்குங்க" என்றாள். சிரித்தார்கள் இரண்டு பேரும். அன்றைக்கு ஒருநாள்தான் சிரித்தது. குமரவேல் புனாவிலிருந்து பேசினான், "அப்பா, புஸ்தகத்தை வாய்விட்டுப் படிக்கிற ஆப் இருக்குப்பா, அதைப் போட்டுக் குடுத்துட்டா அம்மா பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க." அவர் அதை அவளிடம் சொன்னார்.  "காதால கேக்கறதுக்குப் பின்னாடி நெறைய காலம் கெடக்குங்க. கண்ணு இருக்கறப்ப கண்ணால படிச்சுக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உப்பு எங்கே என்று கேட்கிற குரலில். அப்படியென்றால் டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். ஊசி போடுகிற அறைக்கும் டாக்டர் அறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் காது. இத்தனை நாளும் இவர் தெரியாததுபோல அவளிடம் நடிக்க, அவள் தெரியாததுபோல இவரிடம் நடித்திருக்கிறாள். ஆறு மாதம் என்றால் நூற்றெண்பது நாள். அதில் பதினொன்று இந்தப் பொத்தானுக்குப் போயிற்று. இல்லை, பொத்தானுக்கு இல்லை. இவர் விரலுக்கு. நூற்றெண்பதில் பதினொன்று போனால். கணக்குப் போடாதே. இருக்கிற வரைக்கும். இருக்கிற வரைக்கும். தலைக்குள் ஒரு பெட்டி தடம் புரண்டு நிற்கிற மாதிரி அங்கேயே நிற்கிறது, பின்னால் வருகிற நினைப்பெல்லாம் வந்து வந்து அதில் மோதுகிறது.

பஜார்க்காரனிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார். அவன் ஒரு சின்னத் தூரிகையால் பொத்தானைச் சுற்றித் தூசி தட்டினான், ஊதினான், அழுத்தினான். "கீ நல்லாத்தான் இருக்கு பெரியவரே. இதோ பாருங்க, எவ்ளோ ஜோரா அழுந்துது." அழுந்துவது எனக்குத் தெரியாதா என்று கத்திவிட்டு வந்தார். பழைய சிஸ்டத்தை அவன் வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து திரும்பப் போட்டும் பார்த்தான். அது வெறும் சிஸ்டம். கம்பெனி வைத்து அனுப்பிய சாமான் எதுவும் அதில் இல்லை. அந்தக் குடித்தனம் எல்லாம் ஓர் ஓரத்தில் தனி அறையில் படுத்திருந்ததாம், அந்த அறையையும் சேர்த்து அழித்துவிட்டீர்களே என்றான். மறுபடி புதுசையே ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வெயிலில் நடந்து வரும்போது லேப்டாப் பை தோளில் பிணம் கனம் கனத்தது. எழுபத்திரண்டு. களைப்பு என்றால் கால் களைப்பு இல்லை. யாரைப் பார்த்தாலும் ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டியிருக்கிற களைப்பு. அதனால்தான் அவர் சொல்வதைக் குறைத்துக் குறைத்து ஒரே வரியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். எட்டாவது பொத்தான் வேலை செய்யவில்லை. முதல் ஆளிடமும் அதைத்தான் சொன்னார். ஏழாவது ஆளிடமும் அதைத்தான் சொன்னார். ஒருத்தன் கீபோர்டை மாற்றச் சொன்னான். ஒருத்தி அணைத்துவிட்டுப் போடச் சொன்னாள். ஒருத்தன் நடுவிலேயே வைத்துவிட்டான், இவர் ஏதோ ஒரு வார்த்தை சொன்னதற்கு. கூடத்திலிருந்து அவள் அன்றைக்குச் சொன்னாள், "ஏங்க அந்தப் புள்ளைங்ககிட்ட எரிஞ்சு விழறீங்க? ஒங்களுக்குப் பின்னாடி நாப்பது லைன் நிக்கும் அதுங்களுக்கு."

புல்லாங்குழல் பாதியில் அறுந்தது. "வணக்கம் சார், நான் பெ..." என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்தது. "எட்டாவது பொத்தான் வேலை செய்யல" என்றார் தணிகாசலம்.

"சார்?"

"மேல் வரிசை. எட்டு. கண் படம் போட்டது. சிஸ்டம் மாத்தினதுக்கப்புறம் வேலை செய்யல. புகார் ஏற்கெனவே இருக்கு. பாத்துக்க."

தட்டுகிற சத்தம். "பாத்துட்டேன் சார். ஏழு தடவை பேசியிருக்கீங்க. ஏழும் கீபோர்டு பிரிவுக்குத்தான் போயிருக்கு." மறுபடி தட்டுகிற சத்தம். "சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கீயை நீங்க எதுக்குப் பயன்படுத்தறீங்க?"

"அது எதுக்கு ஒனக்கு? வேலை செய்யல. வேலை செய்ய வை."

"கோவிச்சுக்காதீங்க சார். ஒவ்வொரு மாடல்ல ஒவ்வொரு வேலைக்கு வச்சிருக்காங்க. எதுக்குன்னு தெரிஞ்சா எந்தப் பிரிவுக்கு அனுப்பறதுன்னு எனக்குத் தெரியும்."

ஏழு பேரில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும். எதுக்கு என்றால், படிக்க. யார் படிக்க. அவர் வாயைத் திறந்தார். படிக்கறதுக்கு என்று சொல்லிவிடலாம், படிப்பதற்குக் கண் படப் பொத்தான் எதற்கு சார் என்று இந்தப் போன் பெண் கேட்பாள், கேட்டால் கண்ணு கொஞ்சம் மங்கல் என்று சொல்லலாம், மங்கலென்றால் எழுத்தைப் பெரிசாக்கிக்கோங்க சார் என்பாள், பெரிசாக்கினால் போதாது என்று சொல்லவேண்டிவரும், ஏன் போதாது என்றால் நடுவில் இல்லை, நடுவில் ஒன்றுமே இல்லை, என் பெண்டாட்டி என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலைப் பார்க்கிறாள், இட்லியை எடுத்துவை என்றால் தட்டைத் தடவுகிறாள், போன மாதம் என் சட்டைப் பித்தானைத் தைக்கிறேன் என்று தன் விரலைச் சேர்த்துத் தைத்துக்கொண்டாள், இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் போனில் சொல்ல வேண்டும், அதுவும் ஸ்பீக்கரில், கூடத்தில் அவள் காது கேட்டுக்கொண்டிருக்க. சொன்னால் ஆகிவிடும். வாய் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும். இதுவரை அது டாக்டர் சொன்ன ஒன்று, தாளில் எழுதின ஒன்று. அவர் சொல்லாதவரைக்கும் கூட்ஸ் அவுட்டரிலேயே நிற்கிறது. அந்தோணிசாமியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, ஒன்றும் ஆகவில்லை. கழுத்துக்குப் பின்னால் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. ரெக்சின் விரிப்பில் பூப் படம். ஒரு பூவின் நடுவில் சிகரெட்டால் சுட்ட ஓட்டை. யார் சுட்டது, இந்த வீட்டில் யார் சிகரெட் பிடித்தார்கள். "சார், லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. சத்தம் வரவில்லை.

பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. கை சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம், பிறகு நாற்காலி முதுகு, பிறகு அவர் தோள். தோளில் கை நின்றது.

"எனக்குக் கண்ணு தெரியலைம்மா" என்றாள் அவள் போனைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி ஊறுகாய் ஜாடியைப் பார்த்து. "நடுவுல போயிடுச்சு. ஓரமா மட்டும் இருக்கு. அந்தப் பட்டனை அமுக்கினா எழுத்து பெரிசா வரிசையா ஓடும், நான் படிப்பேன். இவரு சிஸ்டத்தை மாத்துனதுல அது போயிடுச்சு. டாக்டரு இன்னும் கொஞ்ச மாசம்தான் இந்தப் பார்வையும்னு சொல்லியிருக்காரு. அதான் அவசரப்படறாரு. கோவக்காரர் இல்ல. பயந்துட்டாரு."

போனில் தட்டுகிற சத்தம் நின்றது. 

"அம்மா," என்றது குரல், எழுதி வைத்துப் படிக்கிற தோரணையை விட்டுவிட்டு. "இதை மொதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அந்தக் கீ சும்மா வாசக்கதவுதான். உள்ள ஓடறது தனி புரோகிராம். பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்குன்னே எங்ககிட்ட தனிப் பிரிவு இருக்கு. புது சிஸ்டத்துக்கும் அதுல ஒண்ணு வச்சிருக்காங்க. யாரும் அங்க போய்த் தேடமாட்டாங்க, பேரே வேற மாதிரி இருக்கும். நான் லிங்க் அனுப்பறேன். கீ இல்லன்னா என்ன, ஸ்க்ரீன்லயே படம் வந்துடும், அதைத் தட்டினா போதும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றாள் அவள்.

"அரைமணி நேரம்மா. மிஞ்சிப்போனா முக்கால்."

அரைமணி நேரம்.  பதினோரு நாள் எங்கே, அரைமணி நேரம் எங்கே. அந்தப் பெண் சொல்லச் சொல்லத் தட்டினார், சரி என்றார், ஆமா என்றார், ஒரு தடவைகூடக் கத்தவில்லை. தோளிலிருந்த கை எப்போது போயிற்று என்று தெரியவில்லை, போன இடத்தில் சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது. இறங்கி முடியட்டும் சார், அப்புறம் கூப்பிடறேன் என்று அந்தப் பெண் வைத்தாள், புரோகிராம் இறங்குகிற கோடு திரையில் ஊர்ந்தது. கரண்டு போகக் கூடாது. போன வாரம் இந்த நேரத்தில்தான் போயிற்று. போகக் கூடாது. மெயின் லைனில் ஏதோ கூட்ஸ் போகிறது, ஜன்னல் கம்பி அதிர்கிறது, பெட்டிகளை எண்ணத் தோன்றவில்லை. அவள் பயந்துட்டாரு என்றாளே. சொன்ன குரலில் கிண்டல் இல்லை, இரக்கமும் இல்லை. லைன் கிடைக்கலைங்க என்று சொல்வாளே அந்தக் காலத்தில், அப்படி. பயந்துவிட்டேன்தான். எப்படித் தெரியும் அவளுக்கு. எப்போதிலிருந்து தெரியும். கண் தெரியவில்லை என்று அவள் வாயால் சொல்லி இன்றுதான் கேட்கிறார். சொன்னாள். கூரை இடியவில்லை. அவள் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

மூன்று இருபதுக்குத் திரை கறுப்பானது. மஞ்சள் எழுத்து ஒன்று வலது ஓரத்தில் தலையை நீட்டியது. பழையது மாதிரி உருண்டையாக இல்லை, கொஞ்சம் ஒல்லி. "இந்தா, வா" என்றார். அவள் வந்து உட்கார்ந்தாள். முகத்தை இடது பக்கம் திருப்பினாள். விரல் அம்பு விசையைத் தேடிப் பிடித்தது. வேகத்தைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள், பதினோரு நாளில் பழக்கம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. அல்லது அது பழக்கம் இல்லை. அதை அவர் யோசிக்கவில்லை. யோசித்தார். வாய் அசைய ஆரம்பித்தது. முதலில் எழுத்தெழுத்தாக, பிறகு சொல்லாக. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் நின்றார்.

"பின்னாடி நிக்காதீங்க" என்றாள். "டிக்கெட் செக்கிங் மாதிரி இருக்கு."

போனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசல் வரை போனார். அங்கே போனதும் அது அடித்தது.

"சார், நான்தான். அம்மாவுக்கு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. படிக்கறா."

"நல்லது சார். இந்தப் புகாரை முடிச்சிடலாமா?"

"முடி."

"ஒரே ஒரு கேள்வி. சரி செய்தவர் பேர்னு ஒரு கட்டம் இருக்கு சார். நீங்கதான் சொல்லணும், நாங்களா போட்டுக்கக் கூடாது."

"ஒம் பேர் என்ன?"

"எடுத்ததும் சொன்னேன் சார், நீங்கதான் விடல." சிரிப்பு. "பெனிட்டா."

"பெனிட்டான்னு போடு." சரி சார், நன்றி சார் என்று அவள் ஆரம்பித்தாள். "இரு," என்றார். "அதுக்கு மேல இன்னொரு பேர் போடணும்."

"எங்க ஸ்டாஃபா சார்? எந்தப் பிரிவு?"

நாற்பத்தாறு வருஷமாகப் பெண்டாட்டியை அவர் கூப்பிட்டது இந்தா. வெளியாட்களிடம் வீட்டில. மகனிடம் உங்கம்மா. பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது, ரயில்வே பாஸில் இருக்கிறது, வாயில் எடுத்ததில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் மஞ்சள் எழுத்து ஓடுகிறது, அவள் வாய் அசைகிறது, அந்தக் காது இங்கேதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஸ்டாஃப் இல்ல" என்றார், போனுக்குத் தேவையானதைவிடச் சத்தமாக. "எழுதிக்க. பூங்கோதை."